அப்பாவின் பாட்டு நோட்டு

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தரும்படி தமிழாசிரியை கேட்டபோது, “எதைப் பற்றி எழுதப் போகிறாய்?” என்று தோழியர் சூழ்ந்துகொண்டனர். “1980-களில் வந்த ஆங்கிலப் பாட்டுகளைப் பற்றி” என்றேன். எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். “நாம் பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டெல்லாம் நமக்கு எதற்கடி?” என்றாள் ஒருத்தி. சிரித்தவர்கள் இக்கட்டுரையை இறுதிவரை படித்துவிட்டு மறுபடியும் சிரிக்கட்டும். எனக்கு இதை எழுதித் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது.

என் தந்தை எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தாத்தா நோயில் படுத்துவிட்டதால், வீட்டில் மூத்த பிள்ளையான அவர் இரண்டு ஆண்டுகள் கடற்கரையில் எடுபிடி வேலை செய்தார். பிறகு 1985-ஆம் ஆண்டில், சரியாக எனக்கு இப்போது நடக்கும் இந்தப் பதினைந்தாம் வயதில், தூத்துக்குடியில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

இக்காலத்துத் தோழியருக்கு ரெக்கார்டிங் கடை என்றால் என்னவென்று தெரியாது. அந்நாளில் பிடித்த பாட்டைக் கேட்க வேண்டுமானால், ஒரு தாளில் பாட்டுகளின் பெயரை வரிசையாக எழுதிக் கடையில் கொடுக்க வேண்டும். கடைக்காரர் இசைத்தட்டிலிருந்தும் வேறு கேசட்டிலிருந்தும் அவற்றை ஒவ்வொன்றாக வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார். சி-60 என்றால் பக்கத்திற்கு 30 நிமிடம்; சி-90 என்றால் பக்கத்திற்கு 45 நிமிடம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது. ஆகவே பாட்டுகளின் நிமிடத்தையும் வினாடியையும் கூட்டிக் கூட்டிப் பார்த்து அடுக்க வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கு அப்பாவுக்கு அங்கேதான் உதவியது. பாடியவருக்கும் எழுதியவருக்கும் ஒரு காசும் போகாத தொழில் அது என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்ததாக அப்பா சொல்வார். அப்போது அது ஊர்தோறும் நடந்தது. யாரும் தவறாக நினைக்கவில்லை.

தூத்துக்குடி துறைமுகப் பட்டினம் அல்லவா? கப்பலில் வேலை செய்து திரும்புவோர் ஆங்கிலக் கேசட்டுகளைக் கொண்டுவந்து கடையில் கொடுப்பார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கேசட் அட்டையில் இருக்கும் பெயரைப் படம் வரைவதுபோல் எழுத்தெழுத்தாக ஒரு நீள நோட்டில் வரைந்துகொள்வார். முதலாளியிடம் கேட்டு அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதுவார். அதற்கு நேரே நிமிடமும் வினாடியும். கடைசிக் கட்டத்தில் தமக்குத் தோன்றிய குறிப்பு ஒன்று: “பென்சில் படம்”, “கல்யாணத்துக்குக் கேட்கிறார்கள்”, “வாத்தியம் இல்லை”, “அழுகை வருகிறது”. இப்படியாக அந்த நோட்டு நிரம்பியது. பாட்டின் பெயர்களை எழுதி எழுதியே அவர் ஆங்கில எழுத்துகளைக் கற்றார். பின்னர் கேசட்டுக்கு மதிப்பில்லாமல் போயிற்று, கடையும் மூடப்பட்டது. இப்போது அப்பா செல்பேசிகளுக்கு உறை விற்கிறார். உடைந்த கண்ணாடி மாற்றித் தருகிறார்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது பெற்றோர் கூட்டத்திற்கு அப்பா வந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு, “குட் மார்னிங், சிஸ்டர்” என்றார். பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை, அன்போடு “குட் மார்னிங்” என்றே பதில் சொன்னார்கள். ஆனால் எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. அன்று முதல் எந்தக் கூட்டமானாலும் அம்மாவையே வரச் சொன்னேன். அப்பா ஏன் என்று கேட்கவே இல்லை.

இவ்வாண்டு ஆங்கில மன்ற விழாவில் இல்லங்களுக்கிடையே வினாடி வினாப் போட்டி வைத்தார்கள். ஒவ்வொரு இல்லத்திற்கும் ஒரு தலைப்பு. சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். எங்கள் இல்லத் தலைவி எடுத்த சீட்டில் “1980-களின் ஆங்கிலப் பாடல்கள்” என்று இருந்தது. ஷேக்ஸ்பியரும் விண்வெளியும் மற்ற இல்லங்களுக்குப் போய்விட்டன. எங்கள் முகங்கள் வாடின. அன்றிரவு நான் சோறு பிசைந்துகொண்டே புலம்புவதைக் கேட்ட அப்பா எழுந்து போய்ப் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே அந்த நோட்டு இருந்தது.

மூன்று வாரங்கள் எங்கள் வீட்டில் புதுவிதப் பள்ளி நடந்தது. பள்ளிக் கணினி அறையிலும் நூலகத்திலும் நான் திரட்டிய செய்திகளை இரவில் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன். அவர் தம் காதால் அறிந்ததைச் சொல்வார். அந்நாட்களில் நான் கற்றவற்றில் சிலவற்றைத் தோழியர்க்கும் தருகிறேன்.

பாட்டைக் கண்ணால் காட்டுவதற்கென்றே எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. முதன்முதலாக அது காட்டியது பகிள்ஸ் என்ற ஆங்கிலேயக் குழுவின் 1979-ஆம் ஆண்டுப் பாட்டு. வானொலிப் பாடகனை வீடியோ கொன்றுவிட்டது என்பதே அப்பாட்டின் தலைப்பு! தொடக்க நாளிலேயே இப்படி ஒரு குறும்பு.

“பென்சில் படம்” என்று அப்பா குறித்திருந்தது ‘டேக் ஆன் மீ’ என்ற பாட்டு. பாடியவர்கள் நார்வே நாட்டு இளைஞர் மூவரைக் கொண்ட ஆ-ஹா குழுவினர். 1984-இல் அப்பாட்டு முதலில் வெளிவந்தபோது எடுபடவில்லை. அவர்கள் சோர்ந்துவிடாமல் அதை மீண்டும் பதிந்தார்கள். நடித்த காட்சிகளின்மேல் ஏறக்குறைய 3,000 பென்சில் சித்திரங்களைக் கையால் வரைந்து புதிய வீடியோவும் எடுத்தார்கள். 1985 அக்டோபரில் அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. ஒருமுறை தோற்றது என்பதற்காக நல்ல முயற்சியைக் கைவிடலாகாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ?

“கல்யாணத்துக்குக் கேட்கிறார்கள்” என்று குறிக்கப்பட்டிருந்தது போலீஸ் என்ற குழுவின் ‘எவ்ரி ப்ரெத் யூ டேக்’. 1983-இல் அமெரிக்காவில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆனால் அதை எழுதிய ஸ்டிங், அது இனிய காதற் பாட்டு அன்று, பிரிந்து போனவளை விடாமல் கண்காணிக்கும் பொறாமைக்காரனின் பாட்டு என்று கூறியிருக்கிறார். இதை நான் சொன்னதும் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ, எத்தனை மாப்பிள்ளைமாருக்கு மொதப் பாட்டா பதிஞ்சு கொடுத்திருக்கேன்!” என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

குவீன் குழுவின் புகழ்பெற்ற பாடகர் ஃபிரெடி மெர்க்குரியின் இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. பார்சிக் குடும்பத்தில், சான்சிபாரில் 1946-இல் பிறந்த அவர், நம் நாட்டில் பஞ்ச்கனியிலுள்ள புனித பேதுரு பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்தவர். அங்கேதான் மாணவர்களோடு சேர்ந்து முதல் இசைக்குழுவை நடத்தினார். அதே குழுவின் ‘ரேடியோ கா கா’ என்ற 1984-ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்துதான் பின்னாளில் லேடி காகா என்ற பாடகி தம் பெயரை எடுத்துக்கொண்டார்.

எதியோப்பியாவில் பஞ்சத்தால் மக்கள் மடிவதை 1984-இல் தொலைக்காட்சியில் கண்ட பாப் கெல்டாஃப் என்ற அயர்லாந்துப் பாடகர், பாடகர்களைக் கூட்டி, நவம்பர் 25 அன்று இலண்டனில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பதிந்து, வந்த பணத்தை உணவுக்கு அனுப்பினார். அதைத் தொடர்ந்து அமெரிக்கப் பாடகர்கள் 1985 ஜனவரி 28 இரவு ‘வீ ஆர் த வேர்ல்ட்’ பாட்டுக்காகக் கூடினார்கள். எழுதியவர்கள் மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும். அத்தனை பேரும் பெரும் புகழ் படைத்தவர்கள். எனவே இசையை நடத்திய குவின்சி ஜோன்ஸ், அகந்தையை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்ற பொருளில் ஓர் அறிவிப்பை எழுதி ஒட்டியிருந்தாராம். இதை நான் குறித்துக்கொண்டேன். ஆனால் அது எனக்கும் சொல்லப்பட்டது என்று அப்போது தோன்றவில்லை.

பாட்டை நம்பி வரலாறு படிக்கக் கூடாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. யூ டூ குழுவினர் மார்ட்டின் லூதர் கிங்கைப் போற்றி 1984-இல் பாடிய ‘ப்ரைட்’ என்ற பாட்டு, அவர் அதிகாலையில் சுடப்பட்டதாகச் சொல்கிறது. உண்மையில் அவர் மெம்ஃபிஸ் நகரில் 1968 ஏப்ரல் 4 அன்று மாலை ஆறு மணிக்குச் சுடப்பட்டார்.

“அழுகை வருகிறது” என்ற குறிப்பு ‘ஃபாஸ்ட் கார்’ என்ற பாட்டுக்கு நேரே இருந்தது. 1988 ஜூன் 11 அன்று, அப்போது சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் 70-ஆம் பிறந்தநாளுக்காக இலண்டன் வெம்பிளி அரங்கில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சி நடந்தது. ஸ்டீவி வொண்டரின் இசைக்கருவிக்கு வேண்டிய வன்தட்டு காணாமல் போனதால் அவரால் அப்போது மேடையேற முடியவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, முன்னரே பாடி முடித்திருந்த டிரேசி சாப்மன் என்ற அதிகம் அறியப்படாத இளம் கறுப்பினப் பெண், ஒரே ஒரு கிட்டாருடன் மறுபடியும் வந்து பாடினார். ஒரே நாளில் உலகம் அவரை அறிந்துகொண்டது. 2023-இல் லூக் கோம்ப்ஸ் அப்பாட்டை மீண்டும் பாடியபோது, அவ்வாண்டின் சிறந்த பாடலுக்கான அமெரிக்க நாட்டுப்புற இசைச் சங்க விருது, அதை எழுதிய சாப்மனுக்குக் கிடைத்தது. கறுப்பினத்தவர் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

அந்தப் பாட்டின் பொருளை அப்பாவுக்குத் தமிழில் விளக்கிச் சொன்னேன். குடிக்கு அடிமையான தகப்பனைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்ட ஒரு பெண், வறுமையிலிருந்து தப்பிப் போக ஏங்குவதைச் சொல்லும் பாட்டு அது. தாத்தா குடிப்பவர் அல்லர். ஆனாலும் அப்பா வெகுநேரம் பேசவில்லை. “நூறு தடவையாவது பதிஞ்சிருப்பேன்மா. அர்த்தம் தெரியாமலே தொண்டையை அடைச்சுக்கிடும். இப்பத்தான் ஏன்னு தெரியுது” என்றார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பாவுக்கும் படிக்க ஆசை இருந்தது என்பதே அன்றுதான் எனக்கு உறைத்தது.

போட்டி நாள் வந்தது. பெற்றோர்களையும் அழைத்திருந்தார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல், ஆகவே அப்பா வந்தார். வெளுத்த சட்டை போட்டு, மண்டபத்தின் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் கண்ணில் படாமல் இருக்கத்தான் அங்கே உட்கார்ந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு வலிக்கிறது.

எங்கள் இல்லமும் மற்றோர் இல்லமும் சமமாக நின்றன. வெற்றியை முடிவு செய்ய எங்கள் தலைப்பிலிருந்து ஒரு கேள்வி. சிஸ்டர் ஒரு பாட்டை அரை நிமிடம் ஒலிக்க விட்டார்கள். “இதில் ஒலிக்கும் வாத்தியங்கள் எவை?” என்று கேட்டார்கள். எதிர் இல்லத்தார், “கிட்டார், டிரம்ஸ், புல்லாங்குழல்” என்றனர். என் மனக்கண்ணில் நோட்டின் கடைசிக் கட்டம் தெரிந்தது. “ஒன்றும் இல்லை, சிஸ்டர். எல்லாம் ஒரே மனிதரின் குரல்” என்றேன்.

அது பாபி மெக்ஃபெரின் பாடிய ‘டோன்ட் வொரி, பி ஹாப்பி’. தம் குரலையே பல தடங்களில் தனித்தனியாகப் பதிந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். வாத்தியமே இல்லாமல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் பாட்டு அது, ஆண்டு 1988. அதன் தலைப்பு நம் நாட்டு மெஹர் பாபா அடிக்கடி சொல்லி வந்த வாசகம். அவரோ 1925 முதல் 1969-இல் மறையும் வரை வாய் திறந்து பேசாமல் மௌனம் காத்தவர்! இவ்வளவையும் நான் கடகடவென்று சொல்லி முடித்ததும் மண்டபம் அதிரக் கைதட்டினார்கள்.

சிஸ்டர் வியப்போடு, “வாத்தியம் இல்லை என்று எப்படி மகளே கண்டுபிடித்தாய்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்?” என்று கேட்டார்கள்.

தூணுக்குப் பின்னால் அப்பா எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அவரைக் காட்டி, “என் அப்பா” என்று சொல்ல இரண்டே சொற்கள் போதும். ஆனால் எட்டாம் வகுப்பில் கேட்ட அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. சிஸ்டர் அவரை மேடைக்கு அழைத்துவிட்டால்? அவர் ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லிவிட்டால்?

“நூலகத்தில் படித்தேன், சிஸ்டர்” என்றேன்.

அப்பா கைதட்டுவதை நிறுத்தவில்லை. வீடு திரும்பும் வழியில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். “நல்லா தெளிவா சொன்னம்மா” என்றார். அவ்வளவுதான். அப்போது கோயிலில் மாலை மூவேளைச் செப மணி அடித்தது. சேவல் கூவியதும் வெளியே போய் மனங்கசந்து அழுத பேதுருவை நாம் மறைக்கல்வியில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! எனக்குச் சேவலுக்குப் பதிலாக அந்த மணி. கையிலிருந்த ரோஸ்மில்க் தொண்டைக்குள் இறங்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். அப்பாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். “அட, போ பிள்ளை! படிச்சும்தானே சொன்ன” என்று அவர் சிரித்துவிட்டார். ஆனால் சபையின் முன் செய்த தவற்றைச் சபையின் முன்தான் தீர்க்க வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை. அன்று மேடையில் சொல்லாததை இன்று இப்பக்கத்தில் சொல்கிறேன்: சிஸ்டர், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. தேதிகளை நான் நூலகத்தில் படித்தேன். பாட்டைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். பொருள் புரியாத மொழியில், காதை மட்டும் நம்பி, வாத்தியம் இல்லை என்று எழுதி வைத்தவர் அவர். எங்கள் இல்லத்தின் கோப்பையில் பாதி அவருடையது.

கடைசியாக ஒரு செய்தி. கேட் புஷ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1985-இல் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ என்ற பாட்டைப் பாடினார். அப்போது இங்கிலாந்துப் பட்டியலில் அதற்கு மூன்றாம் இடமே கிடைத்தது. 2022-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் அது ஒலித்ததும் புதிய தலைமுறை அதைத் தேடிக் கேட்டது. 37 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூனில், அப்பாட்டு முதலிடம் பெற்றது! அப்படியிருக்க, சில மாதங்கள் தாமதமாக வரும் என் நன்றியை மட்டும் காலம் கடந்தது என்று யாரும் தள்ளிவிட மாட்டார்கள் என நம்புகிறேன்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். “சி-90-ல பக்கத்துக்கு 45 நிமிசம்னு எழுதியிருக்க. கொஞ்சம் கூடவே இருக்கும்மா, அரை நிமிசமாவது மிச்சம் இருக்கும். அதுலதான் கடைசிப் பாட்டைத் தப்பிக்க வைப்பேன்” என்று ஒரே ஒரு திருத்தம் சொன்னார். பிறகு, “என் பேரை மட்டும் போடாதே” என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை. ஆனால் தோழியரே, அடுத்த பெற்றோர் கூட்டத்திற்கு என்னோடு அவர்தான் வருகிறார். பிற்பகல் மூன்று மணிக்கு அவர் “குட் மார்னிங்” சொன்னால், நானும் “குட் மார்னிங்” சொல்வேன்.